அடுப்படி சீன்

அந்தப் படத்தில வர்ற பிள்ளை இவதானான்னுதானே பார்க்கிறீங்க?

நல்லாப் பாருங்க, தப்பில்லை. இவளேதான். ‘ஊஞ்சல் மாமா’வில ஊஞ்சல்ல ஆடிக்கிட்டே பல்லெல்லாம் தெரியச் சிரிப்பாளே, அதே பிள்ளைதான். முன்பல் ரெண்டும் இப்ப விழுந்து போச்சு, அதான் உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்கு. ஏ வர்ணி, பெரியம்மாவுக்கு ஒரு வணக்கம் சொல்லு. சொல்ல மாட்டா. மகாராணி இன்னைக்குக் கோபமா இருக்காங்க. நீங்க கொஞ்சம் சன்னல் பக்கம் தள்ளிக்குங்கக்கா, நான் இவளை மடியில வச்சுக்கிறேன். பொம்பளைகளுக்கு டிக்கெட் இல்லைன்னு ஆனதிலிருந்து இந்த பஸ்ல உட்கார இடம் கிடைக்கிறதே பெரும்பாடா இருக்கு.

என் பேரு போதுமணி. எங்க வீட்டில நான் நாலாவது பொண்ணு. பொண்ணு போதும் சாமின்னு வச்ச பேரு. நான் அதையெல்லாம் மனசில வச்சுக்கிறதில்லை. எதையும் சிரிச்சுக்கிட்டே விட்டுடுவேன். பத்தாவது வரைக்கும் எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்தில படிச்சேன், அப்புறம் கல்யாணம், அப்புறம் இவ. இப்ப திராட்சைத் தோட்டத்தில வேலை. கொத்துக்குள்ள பொடிக் காயை எல்லாம் கத்தரிச்சு விடணும். பொடியை எடுத்தாத்தான் மத்த காய் பெருக்கும், பார்வையா இருக்கும், வியாபாரி எடுப்பான். இந்நேரத்துக்கு நான் தோட்டத்தில இருக்கணும். இவளைத் தினமும் வேன்ல ஏத்தி விட்டுட்டு நேரா அங்கதான் போவேன். இன்னைக்கு இவ வேன்ல ஏறலை. அதனால வேலையும் போச்சு, பஸ்ஸைப் பிடிச்சு நானே ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விட வேண்டியதாப் போச்சு.

பிள்ளைக்குத் தலைக்கனம் வந்துருச்சுக்கா. சினிமாவில நடிச்ச பிள்ளைன்னு ஆளாளுக்குக் கொஞ்சி இப்படி ஆக்கிட்டாங்க. வேற என்ன சொல்ல?

நீங்க படத்தை எங்க பார்த்தீங்க, தியேட்டர்லயா, பொங்கலுக்கு டிவியில போட்டாங்களே அதுலயா? டிவியிலதானா. அதுல நடுவில நடுவில விளம்பரம் போட்டுக் கெடுத்துட்டாங்க. தியேட்டர்ல பார்த்திருக்கணும் நீங்க. தேனியில நாங்க குடும்பத்தோட போனோம். ஊஞ்சல் சீன் வந்ததும் பிள்ளைங்கல்லாம் சீட்டு மேல ஏறி நின்னு குதிக்குதுங்க. எங்க வீட்டுக்காரர் யாரையும் எளிதில பாராட்ட மாட்டார், அவரே சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டார்.

ஆனா அது முதல்ல பிள்ளைங்க படமே இல்லைக்கா. அது தெரியுமா உங்களுக்கு? முதல்ல அது வேற படம்.

போன வருசத்துக்கு முந்தின மே மாசம் எங்க ஊருக்கு வந்து இறங்கினாங்க. டைரக்டர் ஒரு பொம்பளை, கயல்விழின்னு பேரு. கிராப்பு வெட்டிக்கிட்டு, சட்டையும் பேண்ட்டுமா இருப்பாங்க. குழாயடியில இவ குடத்துக்குச் சண்டை போட்டதைப் பார்த்துட்டு, இந்தப் பிள்ளைதான் வேணும்னு வீட்டுக்கே வந்துட்டாங்க. தரையில உட்கார்ந்து எங்க ரெண்டு பேருக்கும் கதையைச் சொன்னாங்க. இவளை வெளியில விளையாட அனுப்பிட்டுத்தான் சொன்னாங்க. வீட்டுக்குப் பழக்கமான ஒரு ஆளு. எல்லாருக்கும் நல்லவன். பிள்ளைக்கு ஊஞ்சல் கட்டிக் கொடுப்பான், ஐஸ் வாங்கிக் கொடுப்பான். அப்புறம் அந்தப் பிள்ளைகிட்டயே தப்பா நடந்துக்குவான். அதுதான் கதை.

எங்க வீட்டுக்காரர் பாதியிலேயே எழுந்து போயிட்டார். அந்த மேடம் அசையலை. அந்தத் தப்பு எதையும் படத்தில காட்ட மாட்டேன், ஒரு மூடின கதவைத்தான் காட்டுவேன், பாப்பாவுக்கு இதுதான் கதைன்னே தெரியாது, அவளுக்கு நான் வேற மாதிரி சொல்லிக்கிறேன்னாங்க. என்ன சொல்லி வச்சாங்க தெரியுமா? அந்த மாமா விளையாட்டில கள்ளாட்டம் ஆடுவார், அது உனக்குப் பிடிக்கலைன்னு. அவ்வளவுதான். எனக்கு அது நல்ல யோசனையாப் பட்டது. எங்க வீட்டுக்காரரை நான்தான் சமாதானம் பண்ணினேன். படம்தானே, நெசமா என்ன ஆகப்போகுதுன்னேன்.

அந்த மாமாவா நடிச்சவர் இருக்காரே, அவரைப் பத்திச் சொல்லணும். தங்கமான மனுசன். கேமரா ஓடாதப்ப இவகிட்டயிருந்து ரெண்டடி தள்ளியே நிப்பார். ஊஞ்சல்ல தூக்கி வைக்கணும்னாக்கூட முதல்ல என்னைப் பார்ப்பார், தூக்கலாமாம்மான்னு கேட்பார், அப்புறம் இவளைக் கேட்பார். ஒவ்வொரு தடவையும். எனக்கே அலுத்துப் போச்சு. தூக்குங்க சார், பிள்ளையைத் தூக்குறதுக்கு இத்தனை உத்தரவான்னு நான்கூடக் கேலி பண்ணியிருக்கேன்.

அந்த மேடம் இன்னொரு வேலை பண்ணினாங்க. முதல் நாளே எல்லாரையும் கூப்பிட்டு வச்சு, பாப்பா ‘கட்’னு சொன்னா அத்தனை பேரும் அப்படியே நிறுத்தணும்னு சொல்லிட்டாங்க. டைரக்டர்தானே சொல்லணும் அதை? இல்லை, இவளும் சொல்லலாம். பிடிக்கலைன்னா, கூச்சமா இருந்தா, பயமா இருந்தா, எதுக்கு வேணாலும். இவளுக்கு நம்பிக்கை வரலை. சும்மா ஒரு தடவை கட்டுன்னு கத்திப் பார்த்தா. லைட் பிடிக்கிறவர், கேமராக்காரர், அந்தப் பெரிய நடிகர், அத்தனை பேரும் சிலை மாதிரி நின்னுட்டாங்க. அப்புறம் கொசு கடிச்சா கட்டு, சிரிப்பு வந்தா கட்டுன்னு ஒரு நாள் பூராவும் இதே கூத்து. தயாரிப்பாளரோட ஆளு தலையில அடிச்சுக்கிட்டார். மேடம் சிரிச்சுக்கிட்டே இருந்தாங்க. கிளம்புற அன்னைக்கு இவளைக் கூப்பிட்டு, இது வெளியிலயும் செல்லும் பாப்பா, நீ சொல்லி யாராவது நிறுத்தலைன்னா அம்மாகிட்ட வந்து சொல்லு, அம்மா சொன்னா எல்லாரும் நிறுத்துவாங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க. இவ அதை வேதவாக்கா எடுத்துக்கிட்டா. கணக்கு வாத்தியாருக்கே கட் சொன்ன பிள்ளைக்கா இது.

ஏன் சிரிக்க மாட்டேங்கிறீங்க? எல்லாரும் இந்த இடத்தில சிரிப்பாங்க.

இவ நடிப்பு எப்படின்னு கேட்டா, நான் பெத்த பிள்ளைன்னு பொய் சொல்லக் கூடாது. ஆடச் சொன்னா ஆடுவா, ஓடச் சொன்னா ஓடுவா. அழுகைதான் வரவே வராது. அதுக்கு ஒரு அடுப்படி சீன் இருந்தது. அந்த மேடத்துக்கு அந்த சீன்தான் உசிரு. படத்தில அம்மாவா வர்றவங்க அருவாமனையில காய் நறுக்கிக்கிட்டு இருப்பாங்க. இவ வாசப்படியில நின்னு சொல்லணும்: “அம்மா, எனக்கு அந்த மாமாகூட விளையாட வேணாம்மா. அவர் விளையாட்டு எனக்குப் பிடிக்கலை.” அதுக்கு அந்த அம்மா சிரிக்கணும். சிரிச்சுட்டு, போடி, உனக்கு ஊஞ்சல் கட்டிக் கொடுத்தவர்டின்னு சொல்லணும். அப்புறம் என்னமோ தோணி, சிரிப்பு நின்னு, அருவாமனையை மடக்கி வச்சுட்டு இவ உயரத்துக்குக் குனிஞ்சு கேட்கணும், “என்ன விளையாட்டுத்தா?”ன்னு. இவ பதில் சொல்லாம பாவாடை நுனியைக் கடிச்சுக்கிட்டு நிக்கணும். அவ்வளவுதான் சீன்.

அதுக்குத்தான்கா அத்தனை டேக். என்ன விளையாட்டுன்னு அவங்க கேட்டதும் இவ வாய் சும்மா இருக்காது. பாண்டி விளையாட்டும்பா, கண்ணாமூச்சிம்பா. பாவாடை நுனியைக் கடிக்கச் சொன்னா கேமராவைப் பார்த்து இளிப்பா. கடைசியில கண்ணுல மருந்து விட்டு, வாயில புளியங்காயைக் கொடுத்து எப்படியோ எடுத்து முடிச்சாங்க.

எனக்கு அந்த சீன்ல ஒரு மனக்குறை இருந்தது. மேடத்துகிட்டயே கேட்டேன். பெத்த பிள்ளை வந்து இப்படிச் சொன்னா எந்த அம்மாவாவது சிரிப்பாளா, என்ன எழுதியிருக்கீங்கன்னு. அவங்க சொன்னாங்க, “முதல்ல சிரிப்பாங்கக்கா. எல்லா அம்மாவும் முதல்ல சிரிப்பாங்க. அதுக்குத்தான் இந்தப் படமே எடுக்கிறேன்.” படிச்சவங்க, என்னத்தையோ சொல்றாங்கன்னு நான் விட்டுட்டேன்.

படம் முடிஞ்சதும் மதுரையில ஒரு தியேட்டர்ல வேலை செஞ்சவங்களுக்கு மட்டும் போட்டுக் காட்டினாங்க. இவளை எங்க அம்மா வீட்டில விட்டுட்டு நாங்க ரெண்டு பேரும் போனோம். பொய் சொல்லலை, படம் முடிஞ்சும் என்னால சீட்டை விட்டு எழுந்திருக்க முடியலை. வீட்டுக்காரர் பஸ்ல ஊர் வர்ற வரைக்கும் சன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். ராத்திரிச் சோறும் வேண்டாம்னுட்டார்.

சர்க்கார்ல அதுக்கு ‘ஏ’ சர்டிபிகேட் கொடுத்துட்டாங்க. பெரியவங்க மட்டும்தான் பார்க்கலாம். எனக்கு அப்படியே சப்புன்னு போச்சு. நீங்களே யோசிங்க, என் பிள்ளை நடிச்ச படத்தை என் பிள்ளையே பார்க்க முடியாதுன்னா? ஊர்ல யார்கிட்டயும் சொல்லவே கூசுது. ‘ஏ’ படம்னா எங்க பக்கம் என்ன நினைப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியும். எங்க மதினி ஒருத்தி இருக்கா, அவ என் முகத்துக்கு நேரா, பிள்ளையை அந்த மாதிரிப் படத்தில விட்டிருக்கியாமேன்னு கேட்டா.

தயாரிப்பாளருக்கும் அதே கவலைதான். அவரோட மேனேஜர் ஒருத்தர் எனக்கு போன் பண்ணிப் பேசுவார், ராமானுஜம்னு, நல்லாப் பேசுவார். ‘ஏ’ன்னா குடும்பம் வராதும்மா, டிவிக்காரங்க வாங்க மாட்டாங்க, லீவுல பிள்ளைங்க கூட்டம்தான் காசு, அதனால கொஞ்சம் கத்தரிச்சு, காரத்தைக் குறைச்சு, மறுபடி கொடுத்து ‘யூ/ஏ’ வாங்கப் போறோம்னார். உங்க அபிப்பிராயம் என்னன்னு என்னையும் கேட்டார். என்னைப் போய் யார் கேட்பா? தாய்மார்களுக்கு எது சங்கடமா இருக்கும்னு சொல்லுங்கம்மான்னார். நான் சொன்னேன், அந்த மூடின கதவு சங்கடம், அந்த அடுப்படி சங்கடம், மத்தபடி ஊஞ்சல் எல்லாம் நல்லா இருக்குன்னு. அதைத்தாம்மா எடுக்கிறோம்னார்.

இதுல என்ன தப்புங்கிறீங்க? நாங்க பொடிக் காயைக் கழிக்கலையா? கழிச்சாத்தானே கொத்து விலை போகுது?

கெட்டிக்காரங்கக்கா, அந்த வேலை செஞ்சவங்க. ஒண்ணும் புதுசா எடுக்கலை. இருந்ததையே எடுத்து மாத்தி மாத்தி ஒட்டிட்டாங்க. அடுப்படி சீன் போன இடத்தில ஒரு பாட்டு. படத்தில அந்த அம்மா ஊஞ்சல் கயித்தை அறுத்துப் போட்டு அந்த ஆளை ஊரை விட்டே விரட்டுவாங்க. அதை எடுக்கலை, அது வீரமா இருக்கில்ல. ஆனா ஏன் அறுத்தாங்கன்னு இப்ப படத்தில இல்லை. அதனால தியேட்டர்ல எல்லாரும் அந்த அம்மாவைத் திட்டுறாங்க. என் பக்கத்து சீட்டு அம்மா, “பாவி, நல்ல மனுசனைப் போய் விரட்டுறாளே”ன்னு மூக்கைச் சிந்துது. அடுப்படியில மருந்து விட்டு இவ அழுதாளே, அந்த அழுகையை மட்டும் எடுத்து, மாமா பஸ் ஏறிப் போறப்ப ஒட்டிட்டாங்க. பார்த்தா மாமாவைப் பிரிஞ்சு அழுற மாதிரியே இருக்கு. கடைசியில மாமா திரும்பி வந்து ஊஞ்சல் கட்டுறார்ல, அது முதல் நாள் எடுத்தது. முதல்ல எடுத்ததைக் கொண்டுபோய்க் கடைசியில வச்சுட்டாங்க. பேரையும் ‘ஊஞ்சல் மாமா’ன்னு மாத்திட்டாங்க. பழைய பேரு ஒரு மாதிரி பயமா இருக்கும், அது எதுக்கு இப்ப.

நீங்க அழுதீங்கல்ல, மாமா பஸ் ஏறுறப்ப? அழாதவங்க யாருமே இல்லை.

கயல்விழி மேடம் மட்டும் சண்டை போட்டாங்க. என் பேரே வேண்டாம், எடுத்துடுங்கன்னுட்டாங்கன்னு மேனேஜர் சொன்னார். படம் வர்றதுக்கு முந்தின நாள் எனக்கு போன் பண்ணினாங்க. குரலே சரியில்லை. அக்கா, பாப்பாவை அந்தப் படத்துக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க, அவங்க அந்த ஆளை நல்லவனா ஆக்கிட்டாங்க, அந்த ஆளைத் தேடிப் பிள்ளைங்க போற மாதிரி ஆக்கிட்டாங்கன்னாங்க. நான் என்ன சொல்லுவேன்? பிள்ளைக்குப் புதுக் கவுன் எடுத்தாச்சு, கொழுந்தன் வீட்டுல எல்லாரும் கிளம்பியாச்சு. சரிங்க மேடம்னு சொல்லிட்டுப் போனை வச்சுட்டேன். பாவம், உழைச்சவங்க, வயித்தெரிச்சல் இருக்கத்தானே செய்யும்.

படம் ஓடினது உங்களுக்கே தெரியும். அதுக்கப்புறம் எங்க ஊர்ல பிள்ளைகளைக் கொஞ்சுற ஆளுக்கெல்லாம் ஊஞ்சல் மாமான்னு பேரு வச்சாச்சு.

இந்த வேன் ஓட்டுறாரே, சுருளிவேல் அண்ணன், அவருக்கும் அந்தப் பேருதான். எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சவர், நல்லது கெட்டதுக்கு முன்னாடி வந்து நிக்கிற ஆளு. அவருக்கு அந்தப் பேரு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. வேனுக்குப் பின்னாடிக் கண்ணாடியில இவ ஊஞ்சல்ல ஆடுற போஸ்டரை ஒட்டிக்கிட்டார். பிள்ளைங்க எல்லாம் ஊஞ்சல் மாமான்னுதான் கூப்பிடணும், கூப்பிட்டா மிட்டாய். இவளுக்கு மட்டும் முன்னாடி அவர் பக்கத்து சீட்டு. ஹீரோயின் சீட்டுன்னு அதுக்குப் பேரு. வேற யாரும் அதுல உட்காரக் கூடாது. காலையில முதல்ல ஏறுறதும் இவதான், சாயங்காலம் கடைசியா இறங்குறதும் இவதான். முன்னெல்லாம் சாயங்காலம் எங்க தெருவுக்கு முதல்லயே வந்துடும் வேன். இப்ப பாதையை மாத்திட்டார். ஹீரோயினை ஊர் சுத்திக் காட்டிக் கூட்டிட்டு வர்றேன்மான்னு சிரிப்பார். எனக்கும் வசதியாத்தான் இருந்தது, தோட்டத்திலிருந்து வர நேரமாகும்ல.

முதல்ல குதிச்சுக்கிட்டுத்தான் போனா. மிட்டாய்த் தாளை எல்லாம் சேர்த்து வச்சிருந்தா. இந்தக் கார்த்திகைக்கு அப்புறம்தான் இந்தத் திமிரு ஆரம்பிச்சது. பின்னாடி உட்காரணும்னா. வயித்து வலின்னா. மிட்டாய்த் தாளை எல்லாம் அடுப்பில போட்டா. படுக்கையை நனைக்கிறாக்கா, ரெண்டாவது படிக்கிற பிள்ளை. மிட்டாய் தின்னு வயித்தில பூச்சியா இருக்கும்னு நான் பூச்சி மருந்து வாங்கிக் கொடுத்தேன்.

போன வாரம் சுருளிவேல் அண்ணனே வந்து சிரிச்சுச் சிரிச்சுச் சொல்றார், உங்க பிள்ளை எனக்குக் கட் சொல்லுதும்மா, வண்டி ஓட்டுறப்ப கட்டு கட்டுன்னு ஒரே கத்தல், நான் என்ன பிரேக்கையா போட முடியும்னு. நானும் சிரிச்சேன். டீ போட்டுக் கொடுத்தேன்.

இன்னைக்குக் காலையில நடந்ததுதான் எல்லாத்துக்கும் மேல. வேன் வந்து ஹாரன் அடிக்குது. நான் தோட்டத்துக்குச் சோறு கட்டிக்கிட்டு இருக்கேன். இவ பையை மாட்டிக்கிட்டு அடுப்படி வாசப்படியில வந்து நிக்கிறா. நின்னுக்கிட்டு, “அம்மா, எனக்கு வேன் மாமாகூட விளையாட வேணாம்மா. அவர் விளையாட்டு எனக்குப் பிடிக்கலை”ங்கிறா.

அதே டயலாக்குக்கா. அப்படியே. வேன்னு ஒரு வார்த்தையை மட்டும் இவளா மாத்திக்கிட்டா. எடுத்து எத்தனை நாளாச்சு, படத்திலகூட அது இல்லை, எப்படி ஞாபகம் வச்சிருக்கான்னு எனக்கு ஆச்சரியம். அதுவும் என்ன நடிப்புங்கிறீங்க. அன்னைக்கு அத்தனை டேக் வாங்கினவ, இன்னைக்கு மருந்தில்லாம, புளியங்காய் இல்லாம, கண்ணுல பொலபொலன்னு தண்ணி. இந்த நடிப்பை அன்னைக்கே காட்டியிருந்தா மேடம் எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பாங்கன்னு நினைச்சேன். போடி, வேலையைப் பார்த்துக்கிட்டு வேன்ல ஏறுன்னேன். அப்பத்தான் வாசக்காலைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. “நான் கட் சொன்னா நிறுத்த மாட்டேங்கிறாரும்மா. நீ சொல்லும்மா”ங்கிறா.

விரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சேன். பிரிக்கப் பிரிக்க மறுபடி பிடிச்சுக்கிறா. அதுக்குள்ள அவர் வெயிட் பண்ணிப் பார்த்துட்டு, சாயங்காலம் நானே கூட்டிட்டு வர்றேன்மா, அவ கோபத்தை அப்பத் தீர்த்து வைக்கிறேன்னு சொல்லிட்டு வேனை எடுத்துட்டார். இப்ப அவர் ஸ்கூல் வாசல்லதான் நிப்பார். இவளை அவர்கிட்ட ஒரு சாரி சொல்ல வைக்கணும்னுதான் நானே கூட்டிட்டுப் போறேன். பெரியவங்களை மதிக்கணும்ல. என்ன நடிச்சிருந்தாலும்.

என்னக்கா? ஏன் என் கையைப் பிடிக்கிறீங்க?

கேட்டேனாவா? என்ன விளையாட்டுன்னா?

நீங்களும் அந்தப் படத்து அம்மா மாதிரியே கேட்கிறீங்களே. நீங்க அதைப் பார்த்ததுகூட இல்லை. டிவியில அது வரலையே.

இல்லைக்கா. நான் கேட்கலை.

நான் சிரிச்சேன்.

ஏத்தா வர்ணி. தூங்குறியா? இங்க பாரு. அம்மாவைப் பாரு. அம்மா திட்டலை. வேன் மாமா... என்ன விளையாட்டுத்தா?

...

பாண்டியா? கண்ணாமூச்சியா? ஏதாவது சொல்லுத்தா. எப்பவும் வாய் ஓயாதே உனக்கு. அந்தக் கவுன் நுனியை விடு. கடிக்காதே, கிழிஞ்சுடும். விடுத்தா.

யாரும் கடிக்கச் சொல்லலையேக்கா. பாருங்க. இங்க யாரும் சொல்லலையே.

அந்தா தெரியுது ஸ்கூலு. போஸ்டர் ஒட்டின வேன். கதவுகிட்ட நின்னு கையாட்டுறாரே, அவர்தான். பஸ்ஸைப் பார்த்துட்டார். என்னைத்தான் பார்த்துச் சிரிக்கிறார். பிள்ளை என் கழுத்தை எப்படிப் பிடிக்குது பாருங்க, நகம் பதியுது. நான் எழுந்திருக்கலைத்தா, அம்மா எழுந்திருக்கலை, இங்கதான் இருக்கேன்.

அக்கா, இந்த பஸ்ஸு எதுவரைக்கும் போகும்? போலீஸ் ஸ்டேசன் பக்கம் போகுமா? நீங்க எங்க இறங்குவீங்க? எங்க இறங்கினாலும் என்கூடக் கொஞ்ச நேரம் இருங்கக்கா. அந்த மேடம் நம்பர் என் போன்ல இருக்கு. என் ரெண்டு கையும் இவளைப் பிடிச்சிருக்கு, நீங்கதான் போட்டுக் கொடுக்கணும். அவங்களுக்குத் தெரியும், அடுப்படிக்கு அப்புறம் அந்த அம்மா என்னென்ன பண்ணுவாங்கன்னு அவங்களுக்குத் தெரியும்.

ஆனா முதல்ல ஒண்ணு பண்ணுங்க. கண்டக்டரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கக்கா. இங்க நிறுத்த வேண்டாம், போகச் சொல்லி ரெண்டு விசில் அடிக்கச் சொல்லுங்க. நாங்க இறங்கலை.